அத்தியாயம் 17: இரண்டில் ஒரு பிஸ்டல்

ஐரின் தலையாட்டினாள் என்பதோடு போன வாரம் அவளைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். எதற்குத் தலையாட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே உடனே சொல்லத் தெரியாது. பத்து மாதமாக அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். ரசமா மோரா என்றாலும் தலையாட்டல், பூசைக்கு வருகிறாயா என்றாலும் தலையாட்டல். கணவனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கழுத்து மட்டும்தான் வேலை செய்கிறது என்று சொன்னால் கொஞ்சம் கொடுமையாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்காது.

அன்றைக்கு மாமியார் பியாட்ரிஸ் கேட்டது இதுதான். "என் புள்ளையோட துப்பாக்கிதான் வீட்டுக்கு வரணும். உன்னோடத அந்தப் பொண்ணு வாங்கிக்கட்டும். சரியாமா?"

சரி என்று ஆட்டிவிட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். லாயிடும் ஐரினும் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு பாயிண்ட் டூ டூ பிஸ்டல். இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் காகித வட்டத்தைத் தவிர வேறு எதையும் அவை துளைத்ததில்லை. இருவரும் பழகியதே சுடும் ரேஞ்சில்தான், பக்கத்துப் பக்கத்து லேனில். அவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு விவேக் நகரில் அவன் அப்பா அம்மாவோடு ஒரே வீடு. ஒரு நாள் ஆபீஸ் லிஃப்ட் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த லாயிட் பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

முதல் மாசப் பூசை முடிந்த கையோடு மாமனார் ஓஸ்வால்ட் ஐரினைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பிஸ்டலையும் கிருஷ்ணப்பாவின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வைத்தார். லாயிடுடையதை ஒப்படைக்கத்தான் வேண்டும், சட்டம் அப்படி. ஐரினுடையதை எதற்குக் கொடுக்க வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஐரினும் கேட்கவில்லை.

அவளுடைய லைசென்ஸில் ஒரு பிஸ்டலுக்குத்தான் இடம். இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லிப் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. ஆகவே இரண்டில் ஒன்று வீட்டுக்கு வரும், மற்றது போகும். வாங்குவதற்கு ஆளும் தயார். சஹானா என்று ஒரு கல்லூரிப் பெண். எது கிடைத்தாலும் சரி என்று காத்திருக்கிறாள். இன்று வியாழக்கிழமை, முடிவைச் சொல்ல வேண்டிய நாள்.

வீட்டில் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் மாநில அணிக்குத் தேர்வுப் போட்டி. அதில் ஐரினின் பெயர் இன்னும் இருக்கிறது. லாயிடின் பிஸ்டலை வைத்துச் சுடலாமே என்பீர்கள். அது பழைய ஜெர்மன் மாடல், பெரிய கைக்காரனுடையது. இந்த ரகத்தில் மரப்பிடியை அவரவர் உள்ளங்கைக்குத் தக்கபடி, தச்சர்கள் ஓட்டை அடைக்கும் புட்டியை வைத்து அரத்தால் ராவிக்கொள்வார்கள். பழகிய செருப்பைப் போல, அடுத்தவருக்குச் சேராது. ஐரினின் கை அதற்குள் தொளதொளவென்று கிடக்கும். சேர வைக்க வேண்டுமென்றால் லாயிடின் விரல்கள் பதிந்த பள்ளங்களைப் புட்டியால் அடைக்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்கு அதற்கு மனசு வரும்?

ஆக, மகனுடையது வீட்டுக்கு வந்தால் மருமகள் சுடுவது அத்தோடு முடிந்தது. பியாட்ரிஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஐரினுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. வருத்தம் வரும் என்று சில நாள் காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை.

*

வியாழக்கிழமை விவேக் நகரில் ஆட்டோ பிடிப்பவர்கள் புண்ணியவான்கள். குழந்தை இயேசு கோயிலுக்கு நவநாள் கூட்டம் ஊரெல்லாமிருந்து வந்து இறங்கும். வருகிற ஆட்டோ எல்லாம் ஆளை இறக்கிவிட்டு, திரும்பிப் போக இரண்டு மடங்கு கேட்கும். ஓஸ்வால்ட் காலைத் தமிழ்ப் பூசையை முடித்துவிட்டு, கையோடு ஒரு ஆட்டோவையும் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தார். ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் காலம் தள்ளியவர். பேச்சு என்றால் 'எங்கே, எத்தனை பேர், எந்தத் தேதி', அவ்வளவுதான்.

"கிளம்பலாமாமா?"

ஐரின் செருப்பை மாட்டினாள். பியாட்ரிஸ் வாசல் வரை வந்து அவள் துப்பட்டாவைச் சரி செய்துவிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மம்மி."

"என்ன சாப்ட்ட?"

ஐரின் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் சாப்பிட்டதுதான்.

"இட்லி சாப்ட்ட" என்று பியாட்ரிஸே சொல்லிக்கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறக்காதே. அவனோடது. அந்தக் கடைக்கார ஆளு ரெண்டும் ஒண்ணுதான்னு எதையாச்சும் தலையில கட்டப் போறான், பாத்து வாங்கு" என்றாள்.

"சரி மம்மி."

ஓஸ்வால்ட் இதைக் கேட்டுக்கொண்டு படியில் நின்றார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த மேஜைப் பேச்சிலும் அவர் இதையேதான் செய்தார். பியாட்ரிஸ் சொன்னதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேப்பரை எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ ரிச்மண்ட் ரோடு சிக்னலில் நின்றபோது அவர், "ஐரின்" என்றார்.

"சொல்லுங்க டாடி."

"ஒண்ணுமில்ல. வெயில் அடிக்குது, இந்தப் பக்கம் வா."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வெயில் மேலே பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

*

கிருஷ்ணப்பாவின் கடை சிவாஜிநகர் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே. துப்பாக்கிக் கடை என்றால் பளபளவென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இரும்புக் கம்பிக் கதவு, ஒரு மேஜை, பச்சைத் துணி, சுவரில் ஒரு சாமுண்டி படம். கிருஷ்ணப்பா கன்னடக்காரர். தமிழ்க்காரர்களோடு பழகிப் பழகித் தமிழும் நன்றாகவே பேசுவார்.

"பன்னி, பன்னி, வாங்க மேடம். சார், நீங்க ஃபேன் கீழ உக்காருங்க."

இரண்டு பிஸ்டலையும் கொண்டுவந்து பச்சைத் துணியில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பின்னுக்கு இழுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று ஐரினுக்குக் காட்டினார். இது இந்த உலகத்து மரியாதை. ஐரினும் குனிந்து பார்த்துவிட்டு, "காலி" என்றாள். பத்து மாதத்தில் யோசிக்காமல் அவள் வாயிலிருந்து சரியாக வந்த வார்த்தை அது ஒன்றுதான்.

சஹானாவும் அவள் அப்பாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ரகம். பெண்ணுக்குப் பத்தொன்பது இருபது இருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டுவிடக்கூடாது என்று நின்றாள்.

"எடுத்துப் பாரும்மா" என்றாள் ஐரின் கன்னடத்தில். விவேக் நகர்க்காரிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

"எது மேம்?"

"இது. என்னோடது."

சஹானா ஐரினின் இத்தாலியப் பிஸ்டலை எடுத்தாள். கை உள்ளே போய் உட்கார்ந்தது. சுவரில் இருந்த காலண்டரின் மூலையைப் பார்த்துக் கையை நீட்டினாள். நன்றாகத்தான் நின்றாள். கட்டை விரல் பக்கம் மட்டும் பிடி கொஞ்சம் உறுத்தியது போலிருக்கிறது.

"இந்த மேடு மட்டும் கொஞ்சம் ராவிக்கலாமா மேம்? மத்தபடி எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அந்த மேட்டை வைத்தது லாயிட். சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து, புட்டி காயும் வரை ஐரினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சோறு தீய்ந்துபோய் பியாட்ரிஸ் திட்டியது தனிக் கதை.

ஐரின் தலையாட்டினாள். "ராவிக்கோ."

சொல்லிவிட்டுத் தனக்குள்ளே பார்த்தாள். ஏதாவது அசைகிறதா என்று. எதுவும் அசையவில்லை. ஒரு பெண்ணின் கையில் ஒரு பிஸ்டல் இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப முடிஞ்சது" என்று சஹானாவின் அப்பா எழுந்தார். "பேப்பர் வேலையப் பாக்கலாமா?"

"இருங்க சார், ஸ்வல்ப இருங்க" என்றார் கிருஷ்ணப்பா. "மேடம் எடுத்துட்டுப் போறத ஒரு தடவை பாத்துக் கொடுக்கணும். ஒன்பது மாசம் சும்மா கிடந்திருக்கு."

டார்ச்சை அடித்து லாயிடின் பிஸ்டலுக்குள் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். ஒரு தோட்டாவை உள்ளே போட்டு, வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மெல்லிய குச்சியால் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவையும் பெண்ணையும் நிமிர்ந்து பார்த்தார். "எதிர்ல காபி நல்லா இருக்கும். ஒரு காபி சாப்ட்டு வந்துடுங்களேன்."

அப்பா வாட்சைப் பார்த்தார். பெண் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

*

"மேடம், தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் கிருஷ்ணப்பா. "இத யாரு காலியா அடிச்சது?"

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பெரிய துப்பாக்கிகளில் தோட்டாவின் அடிப்பக்கம் நடுவில் ஊசி அடிக்கும். இந்தச் சின்ன ரகத்தில் தோட்டாவின் விளிம்பில்தான் மருந்து. ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை இழுத்தால் ஊசி நேரே போய் இரும்பின் வாயில் விழும். ஒருமுறை இருமுறை என்றால் பரவாயில்லை. விழுந்துகொண்டே இருந்தால் வாய் நசுங்கும், சுட்ட தோட்டா வெளியே வராமல் சிக்கும். புதிய பிஸ்டல்களில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. லாயிடின் பழைய மாடலில் கிடையாது.

வீட்டில் சுவரைப் பார்த்து வெறும் ட்ரிக்கர் இழுத்துப் பழகுவது சுடுகிறவர்கள் எல்லாருக்கும் தினசரி வேலை. அதற்காகத்தான் போட்டோ மாட்ட ஆணி அடிக்கும்போது சுவரில் செருகுவார்களே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பிளக், அதில் ஒன்றைத் தோட்டாவுக்குப் பதில் உள்ளே போட்டுக்கொள்வார்கள். லாயிட் ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பிளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவான். காலியாக ஒருமுறைகூட அடித்திருக்க மாட்டான்.

"லாயிட் சார் பண்ண மாட்டாரு, அது எனக்குத் தெரியும்" என்றார் கிருஷ்ணப்பா. "இங்க வந்தப்புறம் யாரும் தொடல. சாவி என்கிட்டதான். அதுக்கு முன்னாடி வீட்டுலதான் நடந்திருக்கு. ஒண்ணு ரெண்டு தடவ இல்ல மேடம். நூத்துக்கணக்குல."

"சரி பண்ண முடியாதா?"

"நீவி விடலாம். ஆனா சிக்கிட்டுதான் இருக்கும். இந்த மாடலுக்குப் பேரல் இப்ப வர்றதில்ல. இத மேட்சுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கும் நான் குடுக்க மாட்டேன், நியாயம் இல்ல. நீங்க எடுத்துட்டுப் போனா வீட்டுல இருக்கும். இல்லன்னா நான் சர்க்காருக்கு ஒப்படைச்சுடணும். அவங்க உடைச்சுடுவாங்க."

முதலில் இரண்டில் எது போனாலும் இன்னொரு கையில் போய் வாழும் என்று இருந்தது. இப்போது லாயிடுடையது போனால் இரும்புத் துண்டாகத்தான் போகும்.

ஐரின் மாமனாரைப் பார்த்தாள். கடையில் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு மாதம் பிஸ்டல் வீட்டு பீரோவில்தான் இருந்தது. ஒரு சாவி அவளிடம், இன்னொன்று லாயிட் வைத்திருந்தது. அது இப்போது ஓஸ்வால்டின் சாவிக்கொத்தில். மகன் செய்ததைச் செய்து பார்த்திருக்கிறார், பாவம், பிளக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கோபம் வர வேண்டிய இடம். கோபம் வரவில்லை. ஆனால் பியாட்ரிஸிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், 'கெட்டுப்போனதை வைத்து என்ன செய்வது' என்று தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த யோசனை வந்தது. வந்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓஸ்வால்ட் எழுந்தார். "கொஞ்சம் வெளிய வாமா."

*

மாடிப்படி அடியில், ஒரு ஸ்கூட்டருக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் நின்றார்கள்.

"டாடி, நீங்களா?"

"நான் அதத் தொட்டதே இல்லமா. எந்தப் பக்கம் முன்னாடின்னு கூட எனக்குத் தெரியாது."

"அப்ப யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளவில்லை. எதிரில் இருப்பவர் முகம் தெரியாவிட்டால்தான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது போலும்.

"நீதாம்மா."

ஐரின் அவர் கையிலிருந்த கண்ணாடியையே பார்த்தாள்.

"மத்தியானம் மம்மி படுக்கப் போனதும் நீயும் ரூமுக்குள்ள போயிடுவ. கதவச் சாத்திக்குவ. தூங்கறன்னுதான் நெனச்சோம். அப்புறம் உள்ள டிக்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டிக். முத நாள் கதவத் தொறந்து பாத்தேன். கட்டில்ல உக்காந்து சுவத்தப் பாத்துக் கைய நீட்டிட்டு இருந்த. நான் நின்னது உனக்குத் தெரியல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவும் கேக்கல."

"நானா?"

"தினம்மா. அந்த மாசம் பூரா."

அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த மாதத்தில் பிஸ்கட் தட்டுகள் நினைவிருந்தன. வந்தவர்கள் கையைப் பிடித்து அழுத்தியது நினைவிருந்தது. 'ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாத்தியா' என்று கோயில் வாசலில் யாரோ யாரிடமோ சொன்னதுகூட. மத்தியானங்கள் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தாள், அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"பிளக் கூடப் போடாமலா டாடி?"

"என்ன பிளக்?"

"ஒண்ணுமில்ல." உள்ளே எதுவும் போடாமல் காலியாக அடிக்கக்கூடாது என்பது முதல் நாள் வகுப்பில் சொல்லித்தருவது. புதுப் பெண்களுக்கு அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். "குண்டு எல்லாம் பீரோலதானே இருந்தது?"

"முத நாளே எடுத்துட்டேன். நீ பூசைக்குப் போயிருந்தப்ப." ஓஸ்வால்டின் குரல் சின்னதாகிவிட்டது. "எடுத்தும் நிம்மதி இல்ல. வேற எங்கயாச்சும் ஒண்ணு கிடந்தா? கதவுக்கு வெளிய ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவேன். ஒரு டிக் வந்ததும் அடுத்த டிக் வர்ற வரைக்கும் மூச்சு விடமாட்டேன். அதான் மாசப் பூசை முடிஞ்சதும் ரெண்டையும் கொண்டாந்து குடுக்க வெச்சேன். உன்னோடதையும்தான். மன்னிச்சுடுமா."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மம்மிக்குத் தெரியுமா?"

"சொல்லல. தாங்க மாட்டா." பிறகு அவர் அவள் பக்கம் திரும்பாமலே, "அது வீட்டுக்கு வேணாம்மா. அவனோடதுதான், எனக்கும் புள்ளதான். ஆனா அந்தச் சத்தம் இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது" என்றார்.

ஐரின் உள்ளே போனாள். லாயிடின் பிஸ்டலை எடுத்துத் திறந்து, அந்த இரும்பு வாயில் சுண்டுவிரல் நகத்தை வைத்துத் தடவினாள். ஓரிடத்தில் நகம் தட்டியது. சின்னப் பள்ளம்தான். தான் அழவே இல்லை என்று ஊரோடு சேர்ந்து அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இங்கே அழுதிருக்கிறாள், தனக்கே தெரியாமல், ஒரு மாதம். அழுது அழுது அவனுடைய பிஸ்டலையே கெடுத்து வைத்திருக்கிறாள்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒரு கணம் இருந்தது. போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. இன்னொரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொள்வாள், வெளியே ஸ்டூலில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அந்தச் சுவருக்கு முன்னால் அவள் கிழவியாகிவிடுவாள்.

"எனக்கு என்னோடது வேணும்" என்றாள்.

'வேணும்' என்று அவள் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஓஸ்வால்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப ஜெர்மன்?" என்றார் கிருஷ்ணப்பா.

"ஒப்படைச்சுடுங்க."

காபி முடித்து வந்த சஹானாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது. அப்பா, "காலையிலேருந்து உக்கார வெச்சிட்டு இது என்ன நியாயம்?" என்று ஆரம்பித்தார். அவர் கேட்டது சரிதான். ஐரின் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பெண்ணிடம், "அந்த மேட்ட ராவ வேணாம். நீ கட்டை விரல வெச்ச இடம்தான் தப்பு, ரேஞ்சுக்கு வா, காட்டறேன்" என்றாள். சொன்ன பிறகுதான், ரேஞ்சுக்குப் போகப் போகிறோம் என்று தனக்கே தெரிந்தது.

*

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பியாட்ரிஸ்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் மம்மி." பேனாவை மூடினாள். எப்படிச் சொன்னாலும் இது சொல்லத்தான் வேண்டும். "என்னோடத எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"அவனோடது?"

"அது கெட்டுப்போச்சு மம்மி. நான்தான் கெடுத்தேன். அந்த மாசம், மத்தியானத்துல, காலியாவே அடிச்சு அடிச்சு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். சாரி மம்மி."

"எனக்குத் தெரியும்."

ஐரின் போனை இன்னும் காதோடு ஒட்டிக்கொண்டாள். "என்ன தெரியும்?"

"உன் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே என் கட்டில். எனக்குக் கேக்காதா? டாடி பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு வெளிய காவல் இருந்தாரு." பியாட்ரிஸ் குக்கரை அணைத்திருக்க வேண்டும், இப்போது அவள் குரல் மட்டும் இருந்தது. "அவன் ஆபீஸ் விட்டு வந்து அடிப்பானே, அதே சத்தம். நான் கண்ண மூடிப் படுத்துப்பேன். பக்கத்து ரூம்ல புள்ள இருக்கான்னு இருக்கும். அந்த மாசம் நான் தூங்கினதே அதுலதான். அப்புறம் ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்துட்டாரு, என் தூக்கமும் போச்சு. அதான் அவனோடதே வேணும்னு சொன்னேன். ஷோகேஸ்ல வெச்சு அழகு பாக்கவா?"

ஐரின் பச்சைத் துணியில் இருந்த தன் பிஸ்டலைப் பார்த்தாள்.

"உன்னோடதுல அந்தச் சத்தம் வராதா?"

"வராது மம்மி. அது வேற."

"ம். அவனோடத என்ன பண்ணுவாங்க?"

"உடைச்சுடுவாங்க."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கு இல்ல. ஆனா ஒப்படைக்கணும்."

"நீ அங்கயே இரு. நான் ஆட்டோ புடிச்சு வரேன்" என்றாள் பியாட்ரிஸ். "ஒரே ஒரு தடவ அடி, போதும். நான் திரும்பி நின்னு கேட்டுக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. கிருஷ்ணப்பா லாயிடின் பிஸ்டலைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"கிருஷ்ணப்பா, அத வெளியவே வைங்க" என்றாள் ஐரின். "மம்மி வர்றாங்க."

"பியாட்ரிஸா?" ஓஸ்வால்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இந்தக் கூட்டத்துல எதுக்கு வர்றா?"

அவருடைய முகம் காலையிலிருந்து முதல் முறையாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்த 'டிக்'கைக் கேட்கத்தான் வருகிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஐரினுக்குத் தெரியவில்லை.